தூங்க வைப்பதற்குப் பதினான்கு குறிப்புகள்

ஐந்தாவது குறிப்பும் முடிந்தது. குழந்தை கட்டிலில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலை ருசி பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருந்தது.

அறிவிப்பாளர் மறுபடியும் கூடத்து அலமாரிக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். மனைவி ஒட்டிவிட்டுப் போன காகிதம் அங்கே இருந்தது. அவள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ‘குட்டியைத் தூங்க வைப்பதற்கு’ என்று தலைப்பு, அதற்கு அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த இரண்டு கோடு, அதற்குக் கீழே ஒன்று முதல் பதினான்கு வரை குறிப்புகள். பத்திரிகையில் வந்தது, டாக்டர் சொன்னது, அக்கம்பக்கத்தில் சொன்னது, அவளே பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் அதில் இருந்தன.

அறையை இருட்டாக்கியாகிவிட்டது. வெதுவெதுப்பான நீரில் உடம்பைத் துடைத்தாகிவிட்டது. தலையைத் தடவியாகிவிட்டது. தடவியதில் அவருக்குத்தான் கொட்டாவி வந்தது.

அவருக்கு இந்த வேலை புதிது. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, பெஞ்சில் தூங்குகிறவர்களை எழுப்பி வண்டி ஏற்றி விடுவதுதான் பதினோரு வருடமாக அவருடைய பிழைப்பு. எழுப்பத் தெரிந்த அளவுக்குத் தூங்க வைக்கத் தெரியாது.

காலையில் ஒன்பது மணிக்கு மனைவி இஸ்திரி போட்ட உடையோடு வாசலில் நின்றுகொண்டு சொன்னது காதிலேயே இருந்தது.

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் பார்ப்போம். குட்டி மதியம் ரெண்டு மணி நேரம் தூங்கணும். தூங்கலைன்னா சாயந்திரம் ஊரைக் கூட்டிடுவா. நீங்க அவளைத் தூங்க வச்சிட்டா நான் வேலைக்குப் போறேன். இல்லைன்னா வரலைன்னு எழுதிக் கொடுத்துடறேன்."

"நீ போ. நான் பார்த்துக்கறேன்."

"நாலு மணிக்கு வந்துடுவேன். நடுவுல போன் பண்ணாதீங்க. முதல் நாளே போனும் கையுமா நின்னா என்ன நினைப்பாங்க?"

"பண்ணல. எல்லாம் சரியா நடக்கும்."

பேருந்து சரியான நேரத்தில் வரும் என்று அறிவிக்கிற அதே குரலில்தான் அதையும் சொன்னார். அந்தக் குரலை அவளும் கேட்டுப் பழகியவள். அதனால்தான் ஒரு நொடி அவரை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் வேலைக்குப் போக வேண்டும் என்பதில் அவருக்கு அவளைவிட ஆசை. கல்யாணமான புதிதில் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிடுவாள். யாருடைய வீட்டு மாடிப்படியையோ பார்த்து, "நாலாவது படி உயரம் தப்பு, பாருங்க, எல்லாரும் அங்கதான் தடுக்குவாங்க" என்பாள். சொன்ன வாய் மூடுவதற்குள் யாராவது தடுக்குவார்கள். அப்படிப்பட்டவள் இந்த ஒன்பது மாதத்தில் வரைந்தது இந்தக் காகிதத்தில் இருக்கும் இரண்டு கோடுகள்தான்.

ஆறாவது குறிப்பு: உள்ளங்காலில் எண்ணெய் தடவி மெல்லத் தேய்க்கவும்.

எவ்வளவு எண்ணெய் என்று எழுதவில்லை. அவர் தாராளமாகவே தடவினார். குழந்தைக்குக் கூச்சம். சிரித்து, உதைத்து, உருண்டு, ஐந்து நிமிடத்தில் முழு உடம்பிலும் எண்ணெய் பூசிக்கொண்டு, பிடித்தால் நழுவுகிற ஒரு பொருளாக மாறியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் வந்தான். ஏணி இரவல் வாங்க வந்தவன்.

"என்ன மாமா, சட்டையெல்லாம் எண்ணெய்?"

"அதை விடு மச்சான். ஏணியை அப்புறம் எடுத்துக்க. எட்டாவது குறிப்புக்கு ஒரு ஆள் வேணும்."

எட்டாவது குறிப்பு: யாராவது பக்கத்தில் படுத்துத் தூங்குவதுபோல் நடிக்கவும். குழந்தை பார்த்துப் பழகிக்கொள்ளும்.

"நடிக்கறதுதானே? அதெல்லாம் பிரமாதமா பண்ணுவேன்" என்று மைத்துனன் இருட்டறைக்குள் போய்க் கட்டிலில் கை காலை நீட்டினான்.

மூன்று நிமிடம் நடித்தான். நான்காவது நிமிடம் நடிப்பு போய்விட்டது. குறட்டை கிளம்பியது. குழந்தைக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துப்போனது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மைத்துனனின் மூக்குக்குள் விரலை விட்டுத் தேடியது. அவன் அசையவில்லை. குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

"மச்சான். டேய், மச்சான்."

ஒரு பலனும் இல்லை. பேருந்து நிலையத்துக் குரலை எடுத்தால் எழுந்துவிடுவான். ஆனால் குழந்தையின் முகத்துக்கு நேரே அந்தக் குரலை எடுக்க முடியுமா? கட்டிலும் போயிற்று, இருட்டறையும் போயிற்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

ஏழாவது குறிப்பு தோளில் போட்டுக்கொண்டு நடப்பது. நடந்தார். ஜன்னலிலிருந்து அலமாரி வரை ஒன்பது அடி, அலமாரியிலிருந்து ஜன்னல் வரை ஒன்பது அடி. வெளியே தெரு மதிய வெயிலில் அசையாமல் கிடந்தது. திரைச்சீலை உப்பி, யோசித்து, மறுபடி அடங்கியது. நாற்பதாவது நடையில் தோள்பட்டையில் ஒரு சின்னக் கனம் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தார். குழந்தையின் இமை பாதி வரை வந்துவிட்டது. அவர் மூச்சைக்கூடத் தவணை முறையில் விட்டார்.

வாசல் மணி அடித்தது.

குழாய்க்காரர். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று எட்டு நாளாகக் கூப்பிட்டும் நாளைக்கு, நாளைக்கு என்றவர் இன்றைக்கு இந்த நிமிடம் பையோடு வந்து நின்றார்.

"குழாய் எங்க சார்?"

குழந்தையின் இமை மேலே போய்விட்டது. குழாய்க்காரரின் மீசையை ஆவலோடு பார்த்தது.

"அண்ணே, சத்தம் இல்லாம பண்ண முடியுமா?"

"குழாய்க்கு அது தெரியாதே சார்."

வாஸ்தவம்தான். உள்ளே போன ஐந்தாவது நிமிடம் இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டன. பிறகு வீட்டுக்கே தண்ணீர் வருகிற வால்வை மூடினார். சொட்டுவது நின்றது. கூடவே எல்லாமும் நின்றது.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க. குழந்தை கண்ணை மூடட்டும். அப்புறம் என்ன வேணும்னாலும் அடிங்க."

"உட்காரச் சொன்னா உட்கார்றேன் சார். எனக்கும் காலையிலருந்து நின்னு நின்னு கால் கடுக்குது." நல்ல மனிதர். தன்னால் சத்தம் வரக்கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

ஒன்பதாவது குறிப்பு: ஒரே மாதிரி, தாழ்ந்த குரலில், வார்த்தையில்லாமல் முனகவும்.

அவர் முனகினார். "ம்ம்ம்" என்று ஆரம்பித்து, ஏறாமல் இறங்காமல், சமவெளியில் போகிற வண்டி மாதிரி.

"நல்லா இருக்கு சார்" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நிறுத்தாதீங்க."

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் குறட்டை. அறைக்குள்ளிருந்து மைத்துனனுடையது ஒன்று, சமையலறையிலிருந்து இது ஒன்று. ஒன்று நிற்கும்போது மற்றது தொடங்கியது. முறை வைத்துக்கொண்டவர்கள் மாதிரி இருந்தது. குழந்தை இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி ரசித்தது. பிறகு பசி வந்து அழுதது.

காய்ச்சி ஆற வைத்த பால் சமையலறை மேடையில் இருந்தது. சமையலறைக் கதவு உள்பக்கம் திறக்கிற கதவு.

"அண்ணே."

குறட்டை.

"அண்ணே, பால் எடுக்கணும்ணே."

"எடுங்க சார், நம்ம வீடுதானே" என்று தூக்கத்திலேயே அனுமதி கிடைத்தது. ஆனால் ஆள் அசையவில்லை. அறிவிப்பாளர் ஒரு தோளில் குழந்தையும் மறு தோளில் கதவுமாகத் தள்ளினார். குழாய்க்காரர் உட்கார்ந்த வாக்கிலேயே, மடியில் இருந்த ஸ்பேனர்கூட விழாமல், வழவழப்பான தரையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு வழி கிடைத்தது.

வயிறு பாதி நிறைந்தால் போதும் என்கிறது இரண்டாவது குறிப்பு. ஆனால் அழுத குழந்தை அமைதியானதைப் பார்த்த நன்றியில் அவர் பாட்டில் முழுவதையும் கொடுத்துவிட்டார். தெம்பு வந்த குழந்தை அவர் காதைப் பிடித்து முறுக்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதைச் சுவைத்துப் பார்த்து, இன்னும் என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தது.

மணி இரண்டு. அவருக்கு முதுகு வலித்தது. ஒன்பது மாதமாக இதை அவள் தினமும் செய்திருக்கிறாள், ஒரு நாள்கூட முதுகு வலிக்கிறது என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ராத்திரி குழந்தை அழுதால் தனக்குக் கேட்பதே இல்லை என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

ஜன்னல் ஓரம் நின்றார். இரண்டு குறட்டைகளுக்கும் நடுவில் வீடு எங்கேயோ மிதந்துகொண்டிருந்தது. ஏதோ குறைந்தது. சத்தத்திலேயே வேலை செய்கிறவருக்குச் சத்தம் குறைந்தால் தெரிந்துவிடும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தெரு இருந்தது, காகம் இருந்தது, தூரத்தில் ஒரு வண்டி இருந்தது. மேலே பார்த்தார்.

தையல் மெஷின்.

மாடி வீட்டில் ஒரு தையல்காரம்மா. காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் வரை அவருடைய மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை பிறந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அடியில்தான் தூங்கியிருக்கிறது. பதினான்கு குறிப்பில் எதிலும் அது இல்லை. தினமும் இருக்கிற ஒன்றை யார் எழுதி வைப்பார்கள்? இன்றைக்குப் பார்த்து மேலே சத்தமே இல்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினார். தையல்காரம்மா கதவைச் சாத்திவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னிக்கு மெஷின் ஓடலையே?"

"ஓடல தம்பி." அந்த அம்மா ரகசியம் மாதிரி பேசினார். அதனால் இவருக்கும் குரல் இறங்கிவிட்டது.

"ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. இன்னிக்கு கை வேலை."

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் ஓட்டுங்க. துணிகூட வேணாம், சும்மா ஓட்டினா போதும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் குட்டி தூங்குவா. எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது."

"இன்னிக்கு மட்டும் முடியாது தம்பி. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

"குட்டி தூங்கலைன்னா அவ வேலையை விட்டுடுவாக்கா."

தையல்காரம்மா ஊசியை நிறுத்தி அவரையே பார்த்தார். எண்ணெய்ச் சட்டை, பால் கறை, எச்சில் வழிகிற மூக்குக்கண்ணாடி. என்னவோ சொல்ல வாயெடுத்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டார். குழந்தை சாத்தியிருந்த கதவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டித் தாவியது. "பாருங்க, மெஷினைத் தேடுது" என்றார் அறிவிப்பாளர்.

"தேடும், தேடும். நீங்க கீழ போங்க தம்பி, அது கத்தப் போகுது" என்று தையல்காரம்மா அவசரப்படுத்தினார்.

கீழே வந்தவருக்கு ஒரு யோசனை. மெஷின் இல்லாவிட்டால் மிக்ஸி இருக்கிறதே. குழாய்க்காரரைத் தாண்டி உள்ளே போய், வெறும் ஜாரை மாட்டி ஓட்டினார். வீடு அதிர்ந்தது.

"அந்த வால்வை மூடுப்பா" என்று குழாய்க்காரர் கண்ணைத் திறக்காமல் யாருக்கோ உத்தரவு போட்டார்.

குழந்தை உற்சாகத்தில் துள்ளியது. மிக்ஸி கொஞ்சம் ஓடி, கொஞ்சம் திணறி, கருகின வாசனை விட்டு நின்றது. அதோடு வீட்டு மின்விசிறிகளும் நின்றன. ஃபியூஸ் போய்விட்டது.

இப்போது வீட்டில் தண்ணீர் இல்லை, காற்று இல்லை, கட்டில் இல்லை. தூங்க வேண்டிய ஒரு ஆளைத் தவிர மற்ற எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மணி மூன்றாகப் போகிறது.

பதினான்காவது குறிப்பைப் படித்தார்: எதுவும் பலிக்காவிட்டால் பதற வேண்டாம். பதற்றம் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும்.

பதறாமல் இருப்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நான்கு வண்டிகள் வராமல் கூட்டம் கண்ணாடிக் கூண்டைச் சூழ்ந்துகொள்ளும்போது அவர் செய்வது. ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"பயணிகள் கவனத்திற்கு" என்றார், மெதுவாக. "பழைய பாலம், பூங்கா, தண்ணீர்த் தொட்டி வழியாகக் கடைசி நிறுத்தம் வரை செல்லும் பதினேழாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்."

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. அந்தக் குரலை இவ்வளவு பக்கத்தில் அது கேட்டதில்லை. முழு அறிவிப்பு எதுவும் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.

"வண்டி புறப்பட்டுவிட்டது. அவசரம் இல்லை. பாலத்துக்குக் கீழே ஆறு தூங்குகிறது. பூங்காவில் பெஞ்சுகள் தூங்குகின்றன. தண்ணீர்த் தொட்டியில் இறங்க வேண்டியவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து தூங்குகிறார்கள், நடத்துநர் அவர்களை எழுப்பவில்லை. அடுத்த நிறுத்தம், அம்மா ஆபீஸ்."

குழந்தையின் விரல்கள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தன. பிடி தளர்ந்தது.

"அம்மா பெரிய மேசையில் ஒரு மாடிப்படி வரைகிறாள். எல்லாப் படியும் ஒரே உயரம், யாரும் தடுக்க மாட்டார்கள். வண்டி மெதுவாக அந்தப் படியில் ஏறுகிறது. ஒவ்வொரு படியாக ஏறுகிறது. மேலே மேகம். மேகத்தில் நிறுத்தம் இல்லை, இறங்குகிறவர்களும் இல்லை. பயணிகள் தங்கள் உடைமைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்."

அவர் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. வண்டி நட்சத்திரங்கள் வழியாகப் பணிமனைக்குத் திரும்பும்போது, மார்பில் சூடாக ஒரு சீரான மூச்சு வந்துகொண்டிருந்தது. மணி மூன்று ஐந்து. குழந்தை தூங்கிவிட்டது.

அவருக்குக் கண் கலங்கியது. பதினோரு வருடம் ஆயிரம் பேரை எழுப்பியவர் முதல் தடவையாக ஒருத்தரைத் தூங்க வைத்திருக்கிறார். மனைவி நாலு மணிக்கு வந்து கதவைத் திறப்பாள், பார்ப்பாள், திங்கள் செவ்வாய் என்று வரிசையாக ஆபீஸ் போவாள். நாற்காலியை விட்டு அசையக்கூடாது, அவ்வளவுதான்.

நாலு ஆயிற்று. அவள் வரவில்லை.

நாலரை ஆயிற்று. முதல் நாள், வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டார். ஐந்துக்குக் கட்டைவிரலால் போனை அழுத்தி ஒரு தடவை கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

இப்போது வேறு கவலை பிடித்துக்கொண்டது. ரெண்டு மணி நேரம் முடிந்தால் குழந்தை எழுந்துவிடும். எழுந்த பிறகு அவள் வந்தால், தூங்கியது என்று யார் சொல்லுவது? வீட்டில் சாட்சிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேரும் தூங்குகிறார்கள்.

"மச்சான்" என்று மூச்சால் கூப்பிட்டார். "ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்துட்டுப் படுத்துக்கடா."

"நடிச்சிட்டுத்தான் இருக்கேன் மாமா" என்று அறையிலிருந்து பதில் வந்து, தொடர்ந்து குறட்டை வந்தது.

ஐந்தேகால். படிக்கட்டில் மெத்துமெத்தென்று காலடிச் சத்தம். அறிவிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தையின் முகம் வாசலுக்குத் தெரிகிற மாதிரி இலேசாகத் திரும்பிக்கொண்டார். முகத்தில், இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற பாவனையைக் கொண்டுவந்தார். கதவு மெல்லத் திறந்தது.

தையல்காரம்மா. வாசலிலேயே நின்று குழந்தையைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார், பாதி திறந்த சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நீட்டியிருந்த கால்களைப் பார்த்தார்.

"பார்த்தீங்களாக்கா? ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு" என்று கிசுகிசுத்தார் அறிவிப்பாளர். "அவ வந்ததும் நீங்கதான் சொல்லணும். ஏன் இவ்வளவு நேரமோ தெரியல, முதல் நாளே இப்படிப் போட்டு வேலை வாங்கறாங்க."

தையல்காரம்மா கதவைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஆபீஸ் அடுத்த வாரம்தானாம் தம்பி, உங்க வீட்டுக்காரி காலையில ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு வந்து படுத்தவ, ஒன்பது மாசத் தூக்கம், இன்னும் புரண்டுகூடப் படுக்கல... எழுப்பட்டுமா, விட்டுடட்டுமா?"